பெயர்களின் சுவர்: லூசியானாவின் பழைய கரும்புத் தோட்டங்களில்

(கட்சியின் மாதாந்திர வாசிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வட்டத்தில் வழக்கமாக நூல்களைப் பற்றிப் பேசுகிறோம். இம்முறை ஒரு சாலையைப் பற்றிப் பேசுமாறு பொறுப்புத் தோழர் கேட்டுக்கொண்டார். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகருக்கும் பேட்டன் ரூஜ் நகருக்கும் இடையே, மிசிசிப்பி ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டிச் செல்லும் சாலை அது. ஆற்றுச் சாலை என்றே அதற்குப் பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பு அச்சாலை நெடுகக் கரும்புத் தோட்டங்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் உடைமையாளர்கள் கட்டிய மாளிகைகளுள் சில இன்றும் நிற்கின்றன. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு எவரும் உள்ளே சென்று பார்க்கலாம்.

என் மகன் ஹூஸ்டன் நகரில் வேலை பார்த்த நாட்களில், 2018ஆம் ஆண்டின் இறுதியில், நான் அங்குச் சென்று வந்தேன். சில தோழர்கள் புன்னகை செய்வது தெரிகிறது. கட்சி மொழிபெயர்ப்பாளரின் பிள்ளை அமெரிக்காவில் கணினி வேலை பார்ப்பது இக்காலத்தில் அப்படியொன்றும் அதிசயமில்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அடிமைமுறை பற்றிய கட்டுரைகளைத் தமிழாக்கி வந்திருக்கிறேன். சொல்லாக மட்டுமே அறிந்திருந்ததை நிலமாகவும் பார்க்க வேண்டும் என்ற ஆவலால்தான் மகனை ஐந்தாறு மணி நேரம் கார் ஓட்ட வைத்தேன்.

இத்தகைய இடங்களுக்கு நம்மைப் போன்றவர்கள் போகலாமா என்ற கேள்வி நம்மிடையே உண்டு. மனிதரைச் சந்தையில் விற்று வாங்கியவர்களின் வீட்டைக் காசு கொடுத்துப் பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாதா என்று ஒரு தோழர் என்னிடம் நேராகவே கேட்டார். அது நியாயமான கேள்வி. 2025ஆம் ஆண்டு மே 15 அன்று, அந்தச் சாலையின் மேற்பகுதியில் இருந்த நாட்டவே மாளிகை தீப்பிடித்து எரிந்தபோது அக்கேள்வி உலகெங்கும் எழுந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் எஞ்சியிருந்த போருக்கு முந்தைய மாளிகைகளில் அதுவே மிகப் பெரியது. 1859இல் கட்டி முடிக்கப்பட்டது. 64 அறைகள் கொண்டது. அதன் உடைமையாளர் 155 மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அண்மைக் காலத்தில் அது விடுதியாகவும் திருமண மண்டபமாகவும் இயங்கி வந்தது. தீயின் படங்களைப் பார்த்துக் கொண்டாடியவர்கள் ஏராளம். கொண்டாட்டத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் நான் சேரவில்லை. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன் அந்தத் தோட்டங்கள் எப்படிப்பட்டவை என்று பார்த்துவிடுவோம்.

மொழிபெயர்ப்பாளருக்கு முதல் இடர்ப்பாடு 'பிளான்டேஷன்' என்ற சொல்லிலேயே வந்துவிடுகிறது. தமிழில் கொல்லைப்புறத்துக் கத்தரிச் செடி நான்கும் தோட்டம்தான். ஆயிரம் ஏக்கர் தேயிலையும் தோட்டம்தான். நம் மலைப்பகுதித் தொழிலாளர்கள் அந்தச் சொல்லுக்குள் தங்கள் வாழ்க்கையையே நிரப்பி வைத்திருப்பதால், தோட்டத் தொழிலாளர் சட்டம் என்று சொல்லும்போது நமக்குக் குழப்பம் ஏற்படுவதில்லை. லூசியானாவில் இருந்ததோ வயலும் ஆலையும் சிறைக்கூடமும் ஒன்றாகிவிட்ட ஓர் அமைப்பு. அதைத் தோட்டம் என்று எழுதும்போதெல்லாம் அச்சொல்லின் பசுமை கூடவே வந்து நின்று என்னைத் தொந்தரவு செய்கிறது.

அடுத்தது 'அடிமை' என்ற சொல். அண்மைக் கால ஆங்கில எழுத்தில் 'அடிமை' என்பதை விலக்கி 'அடிமைப்படுத்தப்பட்டவர்' என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. தமிழில் அது நீளமான சொல், அச்சுக்கோப்பவருக்குப் பிடிக்காது. ஆயினும் அதில் ஒரு பயன் உண்டு. நம் பக்தி இலக்கியத்தில் அடிமை என்பது விரும்பி ஏற்ற பெருமை. ஆண்டவனுக்கு அடிமை என்று சொல்லிக்கொள்வதில் அங்கே இழுக்கில்லை. எனவே அச்சொல் நம் காதில் ஓர் இயல்பான நிலையைப் போல ஒலித்துவிடுகிறது. அடிமைப்படுத்தப்பட்டவர் என்றால், படுத்தியவர் யார் என்ற கேள்வி உடனே எழும். செயப்பாட்டு வினையில் வினை செய்தவர் மறைந்து நிற்பார், இல்லாமற்போக மாட்டார்.

சரி, வயலுக்கு வருவோம். கரீபியக் கடலில் இருந்த செயின்ட் டொமிங்கு, அதாவது இன்றைய ஹைட்டி, 18ஆம் நூற்றாண்டில் உலகின் முதன்மையான சர்க்கரைக் காலனியாக இருந்தது. 1791இல் அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் எழுந்தனர். 1804இல் விடுதலை பெற்ற நாட்டை அமைத்தனர். அங்குச் சர்க்கரை உற்பத்தி சரிந்ததும், மூலதனம் வேறு நிலம் தேடியது. 1795இல் லூசியானாவில் கரும்புச் சாற்றிலிருந்து படிகச் சர்க்கரை எடுத்து விற்பது இலாபகரமாக முடிந்தது. 1803இல் அந்த நிலப்பரப்பை அமெரிக்கா பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கியது. 1808இல் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதரை இறக்குமதி செய்வது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அத்தடை அடிமைமுறையைக் குறைத்துவிடவில்லை. உள்நாட்டு வணிகம் அதன் இடத்தைப் பிடித்தது. வர்ஜீனியா போன்ற வடபகுதி மாநிலங்களிலிருந்து தெற்கின் பருத்தி, கரும்பு நிலங்களுக்கு, 1860 வரை, ஏறத்தாழ 10 லட்சம் பேர் குடும்பம் பிரித்துக் கொண்டுசெல்லப்பட்டனர். 'ஆற்றின் கீழே விற்கப்படுவது' என்பது அம்மக்களிடையே சாவுக்கு நிகரான அச்சத்தைத் தந்த சொல்லாக இருந்தது.

காரணம் கரும்பின் தன்மையிலேயே இருக்கிறது. கரும்பு பயிரிட்ட வீட்டில் பிறந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். வெட்டிய கரும்பை விரைவில் ஆட்டாவிட்டால் இனிப்பு குறைந்துவிடும். லூசியானாவிலோ குளிர்காலத்தில் உறைபனியும் விழும். பனி விழுவதற்குள் முழுப் பயிரையும் வெட்டி, ஆட்டி, காய்ச்சியாக வேண்டும். ஆகவே அக்டோபரில் தொடங்கி ஆண்டிறுதி வரை இரவு பகலாக வேலை நடந்தது. ஒரு நாளில் 18 மணி நேரம் வரை உழைக்க வேண்டியிருந்தது. சாறு பல கொப்பரைகளில் காய்ந்தது. பெரிய கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, கொதிக்கும் பாகை நீண்ட அகப்பைகளால் அள்ளி ஊற்றினர். தூக்கமின்றி நின்றவரின் கை தவறினால் தோல் போனது. உருளைகளுக்குக் கரும்பு ஊட்டியவரின் விரல் சிக்கினால் கை போனது. அமெரிக்க அடிமைத் தோட்டங்களிலேயே பிறப்பைவிட இறப்பு மிகுந்திருந்த பகுதி இந்தக் கரும்புப் பகுதிதான்.

கரீபியக் கரும்புத் தோட்டத்து மக்களைப் பற்றி எழுதும்போது சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1938ஆம் ஆண்டு நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். பெரிய ஆலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சேர்ந்து உழைத்ததால், அக்காலத்தின் வேறெந்த உழைப்பாளரையும்விட அவர்களே நவீனப் பாட்டாளி வர்க்கத்துக்கு நெருக்கமாக இருந்தனர் என்பதே அது. ஜேம்ஸின் அரசியலோடு நமக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல உண்டு. இந்த இடத்தில் அவர் சொன்னது சரி. அந்தக் கொப்பரைகளின் முன் நின்றபோது பண்ணை ஒன்றைப் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தொழிற்சாலை ஒன்றைப் பார்ப்பதாகவே தோன்றியது.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நார்பெர்ட் ரில்லியூ 1806இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். தந்தை வெள்ளையர், தாய் அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண். பாரிசில் பொறியியல் கற்றுத் திரும்பிய ரில்லியூ, ஒரு கலனில் எழும் நீராவியைக் கொண்டே அடுத்த கலனின் சாற்றைக் காய்ச்சும் கருவியை உருவாக்கி 1843இல் காப்புரிமை பெற்றார். இன்று நம் நாட்டின் சர்க்கரை ஆலைகளில் இயங்கும் பல்கலன் ஆவியாக்கிகளின் மூலவடிவம் அதுவே. விறகு மிச்சமானது, கொதிபாகை அகப்பையால் அள்ளும் வேலை ஒழிந்தது, சர்க்கரை வெளுத்தது, இலாபம் பெருகியது. ஒரே ஒருவரின் விலங்குகூட அதனால் கழலவில்லை. எந்திரம் யார் கையில் இருக்கிறது என்று நாம் அடிக்கடி பேசுகிறோமே, அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இப்போது மாளிகைகளுக்கு வருகிறேன். அங்கே இரு வகை இடங்கள் உண்டு.

முதல் வகையில் நீங்கள் முன்வாசல் வழியாக நுழைகிறீர்கள். பளிங்கு, சரவிளக்கு, சீமாட்டியின் பட்டு, விருந்து மேசை. 'கான் வித் த விண்ட்' திரைப்படம் 1939இல் உலகத்துக்குக் காட்டிய அதே தென்னாடு. அங்கே வேலை செய்தவர்கள் 'பணியாளர்' ஆகிவிடுகிறார்கள். வர்ஜீனியா, ஜார்ஜியா, லூசியானா ஆகிய மூன்று மாநிலங்களில் 122 தோட்ட அருங்காட்சியகங்களை ஆய்ந்த இரு சமூகவியலாளர்கள், 2002இல் வெளியிட்ட நூலில், அவற்றுள் பெரும்பாலானவை அடிமைமுறையைப் பேசாமலே கடந்து சென்றதையோ ஒப்புக்குத் தொட்டுவிட்டு நகர்ந்ததையோ பதிவு செய்தனர். அதற்குப் பின் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. கறுப்பின மக்கள் அமைப்பு ஒன்றின் இயக்கத்தை அடுத்து, 2019இல் திருமண ஏற்பாட்டு இணையதளங்கள் சில, தோட்ட மாளிகைகளைக் காதல் கமழும் இடங்களாக விளம்பரப்படுத்துவதை நிறுத்த முன்வந்தன.

ஓக் ஆலி என்ற மாளிகை இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. ஆற்றிலிருந்து வாசல் வரை இரு வரிசையாக 28 ஓக் மரங்கள் கவிந்து நிற்கும். படம் எடுக்காமல் அங்கிருந்து திரும்பியவர் எவரும் இருக்க மாட்டார். நானும் எடுத்தேன். ஆனால் அந்தத் தோட்டத்தில் என்னை நிறுத்தியது வேறொரு மரத்தின் கதை. அங்கே ஆன்டுவான் என்ற தோட்டக்காரர் அடிமையாக இருந்தார். 1840களின் பிற்பகுதியில் அவர் பீக்கான் மரத்தில் ஒட்டுக் கட்டி, ஓடு மெல்லிய நல்ல கொட்டை தரும் வகையை முதன்முதலாக நிலைபெறச் செய்தார். பின்னர் 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் அந்த வகை பரிசு பெற்று, நூற்றாண்டின் பெயரையே பெற்றது. இன்றைய பீக்கான் வணிகத்தின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது. ஆன்டுவானின் பெயர் நமக்கு எப்படிக் கிடைத்தது? உடைமையாளர் இறந்த பின் 1848இல் எழுதப்பட்ட சொத்துப் பட்டியலில் அவர் இருக்கிறார். வயது 38, ஒட்டுக் கட்டுவதில் வல்லவர், மதிப்பு 1,000 டாலர்.

மாளிகை ஒன்றில் ஒரு பார்வையாளர் வழிகாட்டியிடம் கேட்டதை என் காதால் கேட்டேன்: "இந்தக் குடும்பம் அவர்களை நன்றாகத்தானே நடத்தியது?" வழிகாட்டி இளம்பெண். பதற்றப்படாமல், சொத்துப் பட்டியலில் விலை எழுதப்பட்ட பிள்ளைகளின் வயதுகளை வரிசையாகப் படித்துக் காட்டினார். கேட்டவர் சுவரில் இருந்த ஓவியத்தைப் பார்க்கத் தொடங்கினார். பண்ணையாரின் நல்ல மனத்தைப் பற்றிய கதைகளைக் கீழத்தஞ்சையில் நாமும் கேட்டிருக்கிறோம் அல்லவா?

இரண்டாவது வகை இடம், எனக்குத் தெரிந்து, அந்தச் சாலையில் ஒன்றுதான். அதன் பெயர் விட்னி. 1752இல் ஒரு ஜெர்மானியக் குடியேறி தொடங்கிய தோட்டம் அது. முதலில் அவுரி, பிறகு கரும்பு. 1990களில் அந்த நிலம் ஒரு பன்னாட்டு வேதிப்பொருள் நிறுவனத்தின் கையில் இருந்தது. ரேயான் ஆலை கட்டும் திட்டத்தை உள்ளூர் மக்கள் எதிர்த்தனர், ஆலை வரவில்லை. பின்னர் நிலத்தை வாங்கிய நியூ ஆர்லியன்ஸ் வழக்கறிஞர் ஒருவர், செனகல் நாட்டு வரலாற்றாசிரியர் இப்ராஹிமா செக்கின் துணையுடன் அதை அருங்காட்சியகமாக்கி, 2014 டிசம்பரில் திறந்தார். 2019இல் அது இலாப நோக்கற்ற அமைப்பின் கைக்கு மாறியது. அங்கே கதை, உழைத்தவர்கள் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. மாளிகை கடைசியில்தான் வருகிறது. அங்கே போய்ச் சேரும்போது அதன் அறைகளை வியக்கும் மனம் எவருக்கும் இருப்பதில்லை.

நாங்கள் சென்றபோது நுழைவுச் சீட்டோடு கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை தந்தார்கள். அதில் ஒரு குழந்தையின் உருவம்; பின்புறம் அக்குழந்தை முதுமையில் சொன்ன சில சொற்கள். 1930களின் பெருமந்தக் காலத்தில், வேலையற்ற எழுத்தாளர்களுக்கு அமெரிக்க அரசு வேலை தந்தபோது, அடிமைமுறையில் பிறந்து இன்னும் உயிரோடிருந்த 2,000க்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்து நேர்காணல் செய்தார்கள். விடுதலையின்போது அவர்கள் சிறுவர்கள். ஆகவேதான் விட்னியின் மரத் தேவாலயத்துக்குள் சுடுமண் சிலைகளாக நிற்பவர்களும் சிறுவர்கள். வூட்ரோ நாஷ் என்ற கறுப்பினச் சிற்பி செய்தவை. சிலர் அழுதார்கள். கண்ணீரை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது பெரும்பாலும் வாகனம் நிறுத்துமிடம் வரைதான் நிற்கிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது சிலைகளுக்கு அப்பால் இருந்த கற்சுவர்கள்.

ஒரு சுவரில் அந்தத் தோட்டத்திலேயே அடிமைப்படுத்தப்பட்டிருந்த 350க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். இன்னோரிடத்தில், அந்த மாவட்டத்தில் இறந்துபோன 2,200 குழந்தைகளின் பெயர்கள். தேவாலயப் பதிவேடுகளிலிருந்து எடுத்தவை. மூன்றாவது இடம் ஒரு நீண்ட சந்து போன்றது. வரிசை வரிசையாகக் கருங்கற் பலகைகள். 1820 வரை லூசியானா முழுவதிலும் அடிமைப்படுத்தப்பட்ட 1,07,000 பேரின் பெயர்கள் அவற்றில் உள்ளன. பெரும்பாலும் ஒற்றைப் பெயர்கள்; உடைமையாளர் வைத்தவை. இடையிடையே அவர்களுடைய ஆப்பிரிக்க இனத்தின் பெயர்களும் வருகின்றன. அந்தச் சந்துக்குக் குவென்டலின் மிட்லோ ஹால் என்ற வரலாற்றாசிரியரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

நம் வாசகர்கள் அவரை அறிந்திருக்க வேண்டும். 1929இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு வெள்ளைக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை தொழிலாளர்களுக்காகவும் கறுப்பின மக்களுக்காகவும் வாதாடிய வழக்கறிஞர். இளம் வயதிலேயே இன ஒதுக்கலை எதிர்த்த தென்மாநில இளைஞர் இயக்கங்களிலும் கம்யூனிஸ்ட் இயக்கத்திலும் ஈடுபட்டார். 1956இல் ஹாரி ஹேவுட்டை மணந்தார். அடிமைகளாகப் பிறந்த பெற்றோரின் மகனான ஹேவுட், அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர், மாஸ்கோவில் பயின்றவர், ஸ்பெயினில் பாசிசத்தை எதிர்த்துப் போரிட்டவர், கறுப்பின மக்களின் தேசிய உரிமை குறித்த கோட்பாட்டை வகுத்தவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் அவருக்கும் கட்சிக்கும் பிளவு ஏற்பட்டது. அந்த விவாதத்துக்குள் இன்று போக நேரமில்லை.

1984இல் ஹால், பாயின்ட் கூப்பே என்ற ஊர்ப்பகுதியின் நீதிமன்றத்தில் பழைய ஆவணங்களைப் பார்த்தார். பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிக் காலங்களின் எழுத்தர்கள் ஒவ்வொரு விற்பனையையும் ஒவ்வொரு சொத்துப் பட்டியலையும் நுணுக்கமாக எழுதி வைத்திருந்தனர். யார், எந்த நாட்டவர், என்ன தொழில் தெரியும், என்ன நோய், யாருடைய பிள்ளை, என்ன விலை, தப்பியோடினாரா, கிளர்ச்சியில் சேர்ந்தாரா? உடைமை கெடாதிருக்க உடைமையாளர் எழுதிவைத்த கணக்கு அது. அதே கணக்கை மனிதர்களின் பதிவேடாக ஹால் மாற்றினார். பல ஆவணக் காப்பகங்களில் பதினைந்து ஆண்டுகள் அலைந்து, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரின் விவரங்களைக் கணினித் தரவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் பிறகு லூசியானாவில் பலருக்குத் தங்கள் பாட்டனின் பாட்டி எந்தக் கரையில் இறக்கப்பட்டாள் என்று தேடிப்பார்க்க வழி பிறந்தது. 2022இல் ஹால் மறைந்தார். ஆவணத்தில் விலைக்குப் பக்கத்தில் கிடந்த பெயர், இப்போது விலை இல்லாமல் கல்லில் இருக்கிறது.

விட்னியில் சற்றே ஒதுக்குப்புறமாக இன்னொன்று உண்டு. குழந்தைகளோடு வருபவர்கள் விரும்பினால் தவிர்க்கலாம் என்பதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எஃகுக் கம்பிகளின் மேல் சுடுமண்ணால் ஆன மனிதத் தலைகள். 1811 ஜனவரி 8 அன்று இரவு, ஆற்றின் எதிர்க்கரையில், சார்லஸ் டெலோண்ட் என்பவரின் தலைமையில் கரும்புத் தொழிலாளர்கள் எழுந்தனர். டெலோண்டின் வேலையை ஆங்கிலத்தில் 'டிரைவர்' என்பார்கள். வண்டி ஓட்டுபவரல்ல, ஆட்களை வேலைக்கு விரட்டுபவர். கங்காணி என்றே நான் எழுதுகிறேன், இவரும் அடிமைதான் என்ற குறிப்போடு. முதலாளி நம்பி மேற்பார்வைக்கு வைத்த மனிதரே கிளர்ச்சிக்குத் தலைமையேற்றார். கரும்பு வெட்டும் கத்திகளோடும் சில துப்பாக்கிகளோடும் நியூ ஆர்லியன்ஸை நோக்கி அணிவகுத்தார்கள். வழியில் தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்கள் சேர்ந்தனர். 200 பேர் என்றும் 500 பேர் என்றும் கணக்குகள் மாறுபடுகின்றன. அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பெரிய அடிமை எழுச்சி என்று அது கருதப்படுகிறது. கிளர்ச்சியாளர்களால் இறந்த வெள்ளையர் இருவர். மூன்றே நாளில் தோட்ட உடைமையாளர்களின் படையும் அரசுப் படையும் அவர்களை நசுக்கின. ஏறத்தாழ 95 பேர் கொல்லப்பட்டனர். டெஸ்ட்ரஹான் என்ற தோட்டத்தில் உடைமையாளர்களே நீதிபதிகளாக அமர்ந்து விசாரித்தனர். தலைகளை வெட்டி ஆற்றங்கரை நெடுகக் கம்பங்களில் நட்டனர். கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் 300 டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. யாருக்கு என்று கேட்க மாட்டீர்கள்; உடைமையாளருக்குத்தான்.

அந்த டெஸ்ட்ரஹான் மாளிகையும் இன்று பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. 2019 நவம்பரில் டிரெட் ஸ்காட் என்ற கலைஞர், அக்கால உடை அணிந்த நூற்றுக்கணக்கானோருடன் அதே வழியில் அந்த அணிவகுப்பை மீண்டும் நடத்திக் காட்டினார். நான் அதற்கு ஓராண்டு முன்பே போய்விட்டது என் போதாத காலம்.

விட்னியைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகு நடந்ததற்கு அங்கே போதிய இடம் இல்லை. அத்தோட்டத்தின் குடிசைகளில் 1975 வரை கூலித் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்கிறார்கள். அந்த நூறு ஆண்டின் போராட்டத்தைப் பார்வையாளர் தாமாகத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பக்கத்து மாவட்டத்திலேயே திபோடோ என்ற சிற்றூர் இருக்கிறது. 1887 நவம்பர் முதல் நாள், கரும்பு ஆட்டும் பருவம் தொடங்கிய வேளையில், ஏறத்தாழ 10,000 கரும்புத் தொழிலாளர்கள் 'நைட்ஸ் ஆஃப் லேபர்' சங்கத்தின் கீழ் வேலைநிறுத்தம் செய்தனர். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஏறத்தாழ 1,000 வெள்ளைத் தொழிலாளர்களும் உடன் நின்றனர். நாளொன்றுக்கு 1.25 டாலர் கூலி. இரு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். அதையும் பணமாகத் தர வேண்டும். தோட்டக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டாகத் தரக்கூடாது. கோரிக்கைகள் இவ்வளவுதான். மாநில அரசு படை அனுப்பியது. குடிசைகளிலிருந்து துரத்தப்பட்டவர்கள் திபோடோவில் கூடினர். நவம்பர் 23 காலை ஆயுதமேந்திய வெள்ளையர் கும்பல்கள் வீடு வீடாகப் புகுந்து சுட்டன. இறந்தோர் 30 முதல் 60 வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தக் கரும்புப் பகுதியில் சங்கம் தலையெடுக்கவில்லை.

சுற்றுலாக் கையேடுகளில் திபோடோவைத் தேடாதீர்கள். நானும் மகனும் விட்னியிலிருந்து திரும்பும் வழியில் அவ்வூருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். அமைதியான தெருக்கள், நல்ல மரங்கள். சாலையெங்கும் கரும்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அதுவும் அறுவடைக் காலம்தான்.

ஆற்றுச் சாலையில் மாளிகைகளைவிட உயரமாக இன்று நிற்பவை புகைபோக்கிகள். நியூ ஆர்லியன்ஸுக்கும் பேட்டன் ரூஜுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 135 கிலோமீட்டரில் 150 அளவிலான பெட்ரோலிய வேதிப்பொருள் ஆலைகள் இருக்கின்றன. அப்பகுதிக்குப் 'புற்றுநோய்ச் சந்து' என்று மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள். ஆலைக்கு ஆற்றங்கரையில் பெரிய நிலம் ஒரே துண்டாக வேண்டும். பழைய தோட்டங்கள் அப்படிப்பட்ட துண்டுகள். விடுதலைக்குப் பின் அவற்றின் ஓரங்களில் கறுப்பின மக்கள் அமைத்துக்கொண்ட சிற்றூர்கள் இன்று ஆலை வேலிக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் 2021இல் இதைச் சுற்றுச்சூழல் இனவெறி என்று கண்டித்தார்கள். விட்னிக்கு அருகே உள்ள வாலஸ் என்ற ஊரில் மாபெரும் தானிய ஏற்றுமதி முனையம் ஒன்று கட்டத் திட்டமிட்டார்கள். அடிமைப்படுத்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அமைப்பாகத் திரண்டு, தங்கள் முன்னோரின் புதைவிடங்கள் அந்த நிலத்தில் இருக்கக்கூடும் என்று வழக்காடினர். 2024 ஆகஸ்டில் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. பெயர்ப் பட்டியல் என்பது பழையதை நினைந்து உருகுவதற்கான பொருள் என்று எண்ணுபவர்கள் இந்த வழக்கைக் கவனிக்க வேண்டும். இங்கே முன்னோரின் பெயர் நிலத்தின் மீதான உரிமைக் குரலாயிற்று.

இனி நாட்டவே மாளிகையின் தீக்கு வருகிறேன். அந்தச் செங்கற்களைச் சுட்டவர்கள் யார்? உத்திரங்களை அறுத்தவர்கள் யார்? 155 பேரின் உழைப்பு அந்தச் சுவர்களில் இருந்தது. திருமண மண்டபமாக அதைக் கெடுத்தவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் சான்று எரிவது, குற்றம் செய்தவருக்கே வசதி. அத்தீக்கு ஏழு வாரம் முன்னர்தான், 2025 மார்ச் 27 அன்று, அமெரிக்க அரசின் அருங்காட்சியகங்கள் நாட்டைச் சிறுமைப்படுத்தும் வரலாற்றைக் காட்டக்கூடாது என்ற பொருளில் அந்நாட்டு அதிபர் ஆணை பிறப்பித்திருந்தார். அதே ஏப்ரலில் விட்னிக்கான மத்திய அரசு நிதியுதவி ஒன்று நிறுத்தப்பட்டு, கண்டனத்துக்குப் பின் திரும்ப வழங்கப்பட்டது. நம் பாடநூல்களிலிருந்து எந்தெந்தப் பக்கங்கள் காணாமற்போகின்றன என்று எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டடம் நின்றால் என்றாவது ஒருவர் அதன் பின்புறத்தைக் காட்டிப் பேச முடியும். ஆகவே போகலாமா என்று கேட்ட தோழருக்கு என் விடை: போகலாம். போய், சரவிளக்கின் முன் நின்று, இதைத் துடைத்தவரின் பெயர் என்ன என்று உரக்கக் கேட்கலாம். விடை தெரிந்த வழிகாட்டிகள் முன்பைவிட இப்போது அதிகம். தெரியாதவர்கள், அடுத்த முறை யாராவது கேட்பார்களே என்று தேடி வைத்துக்கொள்வார்கள்.

போகும் வாய்ப்புள்ள தோழர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து விட்னி ஒரு மணி நேரப் பயணம். பேருந்தை நம்ப முடியாது, வாகனம் வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. கோடையில் நிழலற்ற வெளியில் நடப்பது கடினம். அக்டோபருக்குப் பின் போனால் கரும்பு வெட்டுவதையும் பார்க்கலாம். அருகிலேயே எவர்கிரீன் என்ற தோட்டத்தில் அடிமைக் குடிசைகள் 22 அப்படியே வரிசையாக நிற்கின்றன. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். டெஸ்ட்ரஹானை விட்டுவிடாதீர்கள். அவ்வளவு தொலைவு செல்ல முடியாதவர்கள், மொரீசியசின் போர்ட் லூயி துறைமுகத்தில் இருக்கும் ஆப்பிரவாசி காட் படிக்கட்டுகளையாவது பார்க்க வேண்டும். பிரிட்டன் அடிமைமுறையை ஒழித்ததும் அதே கரும்புக்காக 1834 முதல் நம் நாட்டவர், தமிழர் உட்பட, ஒப்பந்தக் கூலிகளாக இறங்கிய இடம் அது. அங்கும் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இன்னொரு மாதம் பேசலாம்.

நேரம் கூடிவிட்டது. பெயர்ப் பலகைகளை நான் எடுத்த படங்கள் மேசை மேல் இருக்கின்றன. பார்த்துக்கொண்டே கேள்விகளைக் கேளுங்கள், தோழர்களே.